சூடு தாங்கும் காதுகள்

பதிவு 31 — நிலைய நேரம் 07.20

வெள்ளிக் கோள், வடக்கு மலைமுகடு. 'சங்கு' ஆய்வு உருண்டை. வெளி வெப்பம் 381 டிகிரி. வெளி அழுத்தம் பூமியைப் போல நாற்பத்தைந்து மடங்கு. உள்ளே 28 டிகிரி. உள்சூட்டை வெளியே இறைக்கும் வெப்ப எக்கிகள் இரண்டும் ஓடுகின்றன. குறை ஒன்றும் இல்லை.

எழுதுபவள் திலகவதி. ஊர் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம், பொறுப்பும் பீங்கான். இந்தப் பதிவுகளை மேலே மேகத்தில் மிதக்கும் முகில் நிலையத்தில் ஒருவரும் படிப்பதில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும் என்பது விதி. பதிவுப் பெட்டி சுட்ட பீங்கானால் ஆனது. நாங்கள் வெந்து போனாலும் அது வேகாது. ஆகவே, என்றைக்காவது இதைத் தோண்டி எடுப்பவருக்கு என் வணக்கம்.

உருண்டையில் மூன்று பேர். கேப்டன் கஸ்பார் மோத்தா, தூத்துக்குடிக்காரர். இயந்திரப் பொறுப்பு சிலுவை கொரேரா, அவரும் அதே கடற்கரை, கேப்டனின் தங்கையைக் கட்டியவர். மச்சானும் மாப்பிள்ளையும் சண்டை போட்டால் இருவரும் என்னிடம்தான் நியாயம் கேட்டு வருவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் இருப்பது மேல்தளம். கீழ்த்தளம் கதவறை, வெளியே போய்வரும் கதவும் அதன் அழுத்தக் கூண்டும் இருக்கும் இடம். எக்கி இரைச்சலில் ஒன்றும் கேட்காததால் உள்பேசியில்தான் பேசிக்கொள்கிறோம். ஜன்னல் கிடையாது. வெளிச்சுவரில் என் எட்டு பீங்கான் காதுகள் ஒட்டியிருக்கின்றன. ரூபாய் நாணயம் அளவு வில்லைகள். அழுத்தினால் மின்சாரம் தரும், மின்சாரம் கொடுத்தால் நெளியும். சுவரில் மயிரிழை விரிசல் விட்டாலும் அந்தச் சத்தம் ஒரு துடிப்பாக என் திரைக்கு வந்துவிடும்.

இந்தப் பீங்கானில் இரண்டு சாதி உண்டு. ஈயம் கலந்தது சின்னச் சத்தத்துக்கும் துள்ளும், ஆனால் 350 டிகிரி தாண்டினால் தன் துருவத்தை மறந்து வெறும் ஓடாகிவிடும். வெறுமனே ஆறவைத்தால் திரும்பாது. பிஸ்மத் கலந்தது 600 வரைக்கும் கல்லுளிமங்கன், ஆனால் காது மந்தம். அதிகம் கேட்பது சூடு தாங்காது, சூடு தாங்குவது அதிகம் கேட்காது. இருபது வருட ஆராய்ச்சியில் நான் கண்ட ஒரே உண்மை இது. என்னைப் பிஸ்மத் வகை என்று கேப்டன் கேலி செய்வார். பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சிலுவை இப்போது வெளியே போகிறார். ஆளை உள்ளே வைத்து மூடும் இரும்பு உடம்புக்கு நடைக்கூடு என்று பெயர். ஒரு கையில் இடுக்கி, மறு கையில் பாறைத் துளைப்பான். அதற்குள் இருக்கும் குளிர் எட்டு மணி நேரம் தாங்கும். பாறையில் துளை போட்டு நிலநடுக்கம் கேட்கும் வில்லைகளைப் பதிப்பது வேலை. எங்கள் மொழியில் காதுகுத்து.

பதிவு 32 — 09.05

வானொலியில் சிலுவை:

"டாக்டரம்மா, ஏழாவது காது குத்தியாச்சு. தாய்மாமன் மடியில உக்கார வச்சுல்லா குத்தணும்! இங்க தாய்மாமன் உள்ள ஏசியில உக்காந்துருக்காரு."

கேப்டன்: "ஏல, ஒம் மவ காதுகுத்துக்கு என் மடி ரெடியா இருக்கு. நீ மொதல்ல வேலைய முடிச்சிட்டு வா."

ஏழு வில்லைகளும் நன்றாகக் கேட்கின்றன. சிலுவைக்கு நல்ல கை. நேரில் சொல்ல மாட்டேன், தலைக்கு ஏறிவிடும்.

பதிவு 33 — 10.10

நிலநடுக்கம். பாறைச் சரிவு. உருண்டை இருபது டிகிரி சாய்ந்து நிற்கிறது. பாறையில் பதித்த ஏழு காதுகளும் ஒரே நொடியில் அலறின, பிறகு ஏழும் போய்விட்டன. சிலுவையின் கடைசிச் சொல்: "மச்சான், மேல பாறை எறங்கு—"

அதன் பிறகு இரைச்சல் மட்டும்.

வெளிக் கேமராக்கள் இல்லை. கதவை வெளியிலிருந்து திறக்கும் விசை அறுந்துவிட்டது. சுவர்க் காதுகள் எட்டில் ஆறாம் எண் மட்டும் மிச்சம், அது கதவுக்கு மேலே இருப்பது. வெப்ப எக்கி ஒன்று செத்தது. கேப்டனுக்கு இடது தோள் எலும்பு வெளியே தெரிகிறது. நான் கட்டுப் போட்டேன். அவர் கத்தவில்லை. மாப்பிள்ளையின் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு நெற்றியில் வெட்டு. ரத்தம் கண்ணில் வழிகிறது. அதனால் எழுத்து கோணினால் மன்னிக்கவும்.

பதிவு 34 — 10.50

முகில் நிலையத்திலிருந்து மீரான்:

"டாக்டர், இங்க காத்து தாறுமாறா அடிக்குது. உங்கள தூக்குற பலூன இப்ப விட்டா மலையிலயே மோதிரும். சாயங்காலம் ஏழு மணி வரைக்கும் தாக்குப் பிடிங்க. அதுக்கு முன்னாடி தூக்கவே முடியாது."

கணக்குப் போட்டேன். ஒற்றை எக்கியின் குளிர் முழுவதையும் மேல்தளத்துக்குக் கொடுத்தால் ஏழு மணிக்கு இங்கே 52 டிகிரி இருக்கும். உயிரோடு இருக்கலாம். கதவை ஒரே ஒரு முறை திறந்து மூடினால், கதவுக் கூண்டுக்குள் வரும் காற்றை ஆற்றுவதற்கே நாலு மணி நேரக் குளிர் போய்விடும். மதியம் தாண்டுவதற்குள் வெந்துவிடுவோம்.

ஆகவே கதவறைக்குப் போகும் குளிர்க்குழாயை மூடிவிட்டேன். கதவின் நான்கு தாழ்களையும் நகர்த்துவது ஈயவகைப் பீங்கான் அடுக்குகள். தள்ளும் பலம் அதற்குத்தான் உண்டு. குளிர் நின்றால் அவை சீக்கிரம் 350 தாண்டும். பிறகு மின்சாரத்தில் கதவு திறக்காது. கை எக்கி ஒன்று இருக்கிறது, எண்ணெய் அழுத்தத்தில் தாழை இழுப்பது. அது போதும்.

கேப்டனிடம் சொல்லவில்லை. வலி மருந்தில் அரைத் தூக்கத்தில் இருக்கிறார். மலையே மேலே விழுந்த மனிதனுக்குக் கதவு எதற்கு? இதைக் கொடூரம் என்று நினைப்பவர்கள் இங்கே வந்து 381 டிகிரியில் நின்று சொல்லட்டும்.

பதிவு 35 — 12.00

ஆறாம் காதில் ஒரு துடிப்பு. நாற்பது நொடி கழித்து இன்னொன்று. பிறகு ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று.

கேப்டன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மாப்ள தட்டுதான்! உசுரோட இருக்கான்! கதவத் தொறங்க டாக்டரம்மா!"

இல்லை. பீங்கான் அழுத்தத்துக்கு மட்டும் மின்சாரம் தருவதில்லை. சூடு மாறினாலும் தரும். வெப்பமின் துடிப்பு என்போம். கதவறையின் குளிரை நிறுத்தியிருக்கிறேன், கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லை சூடேறுகிறது, ஏறும்போது துடிக்கிறது. பாடப்புத்தகத்தில் முதல் பத்துப் பக்கத்துக்குள் இருக்கிற விஷயம். செத்துக்கொண்டிருக்கிற மனிதன் நிமிடத்துக்கு ஒரு தட்டுத் தட்டிக்கொண்டிருப்பானா? கதவை உடைக்கிற மாதிரி அல்லவா இடிப்பான்?

இதை அவரிடம் சொன்னேன். குளிரை நிறுத்தியதையும் அப்போது சொல்லவேண்டி வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை. ஒற்றைக் கையால் ஏணியைப் பிடித்துக் கீழே இறங்கினார்.

பதிவு 36 — 12.15

உள்பேசியில், கதவறையிலிருந்து, கேப்டன்:

"டாக்டரம்மா, கேளுங்க. நானும் அவனும் சங்கு குளிச்சவங்க. தண்ணிக்குள்ள கெடக்கவன் ஒரு தட்டுத்தான் தட்டுவான். தட்டிட்டு மேல இருந்து பதில் வருதான்னு காத்திருப்பான். மூச்ச வீணாக்க மாட்டான். பதில் வந்தாத்தான் மறு பேச்சு. எங்க வீட்டுப் பழக்கம் இது. அவன் நம்ம பதிலுக்குக் காத்துக் கெடக்கான். இங்க கதவு முழுக்க வெப்பப் போர்வ, தட்டுனா வெளிய போவாது. நீங்க மேல சொவத்துல ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க. ஒரே ஒரு தட்டு."

தட்டவில்லை. ஆராய்ச்சி முடிவுகளைச் சுவரில் தட்டிச் சரிபார்க்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. பதில் சொன்னேன்: விருத்தாசலத்துக்காரிக்குப் பீங்கான் பாடம் எடுக்காதீர்கள்.

துடிப்புகளின் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. வில்லை சூடேறி முடிந்து நிலைக்கு வருகிறது என்று அர்த்தம். நான் சொன்னது சரி.

பதிவு 37 — 12.40

உள்பேசியில் கை எக்கியை அடிக்கும் சத்தம் கேட்டது. அதிலேயே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. இறங்கினேன்.

ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டிருந்தார். கட்டு பிய்ந்து, ஒவ்வொரு அடிக்கும் தோளிலிருந்து ரத்தம் தெறித்தது. அழுத்தமானி பாதிக்கு மேல் ஏறிவிட்டது. கதவறையில் 61 டிகிரி. அவர் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

பெரிய ஸ்பேனரால் அவர் காதுக்குப் பின்னால் அடித்தேன். விழவில்லை. திரும்பி, "ஏன்?" என்பதுபோல் வாயைத் திறந்தார். மறுபடி அடித்தேன். பல் உடைந்த சத்தம். விழுந்தார். எண்ணெய்க் குழாயை வெட்டுக் கத்தியால் அறுத்தேன். சுடு எண்ணெய் என் முன்னங்கை முழுக்கப் பாய்ந்தது, தோல் உரிந்து கையுறை போலத் தொங்குகிறது. ஒயரால் அவர் மணிக்கட்டுகளைத் தூணில் கட்டினேன். உடைந்த தோள் என்று தெரிந்தும் இறுக்கிக் கட்டினேன்.

கதவு இனிமேல் திறக்காது. நாங்கள் இருவரும் பிழைப்போம். எனக்குச் சாக விருப்பமில்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவர் பின்னால் எனக்கு நன்றி சொல்லவேண்டாம், வழக்குப் போடாமல் இருந்தால் போதும்.

பதிவு 38 — 13.20

முகிலுக்குத் தகவல் அனுப்பினேன்: சிலுவை கொரேரா மரணம்.

மீரான்: "இன்னாலில்லாஹி... நேத்துத்தான் மவ போட்டோவ அனுப்பிக் காட்டுனாரு. கேப்டன்கிட்ட குடுங்க டாக்டர், ஒரு வார்த்த பேசணும்."

மயக்கத்தில் இருக்கிறார் என்றேன். பொய் இல்லை, அப்போது மயக்கம்தான்.

இப்போது மயக்கம் தெளிந்துவிட்டது. உள்பேசியில்:

"டாக்டரம்மா... தண்ணி தாங்க... வேண்டாம், தண்ணி வேண்டாம். ஒரு தட்டுத் தட்டுங்க. எந் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? புள்ள காது குத்தாம இருக்கு. அப்பன் இல்லாம எப்படிக் குத்துவேன்? ஏ பொம்பள! நீ மனுசிதானா? ஒங் காதுல ஈயத்தக் காய்ச்சி ஊத்த! ஒரு தட்டுத்தான கேக்கேன்!"

உள்பேசியை அணைத்தேன். ஆறாம் காதின் ஒலிபெருக்கியையும் பிடுங்கி எறிந்தேன். திரையில் மட்டும் துடிப்பு தெரிகிறது. மூன்று நிமிடத்துக்கு ஒன்று. மேல்தளம் 39 டிகிரி.

பதிவு 39 — 14.15

கேப்டன் இறந்துவிட்டார்.

வரிசையாக எழுதுகிறேன். ஒயரை அறுத்துக்கொண்டார். எதைக் கொண்டு அறுத்தார் என்பதைப் பிறகுதான் பார்த்தேன், பல்லால். நான் திரைக்கு முன்னால் இருந்தேன். பின்னாலிருந்து அதே ஒயர் என் கழுத்தில் விழுந்தது. ஒரு முனையைக் கையில் சுற்றி, மறு முனையை வாயில் கடித்து இழுத்தார். ஒற்றைக் கை மனிதனுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கண் இருட்டியது. அவர் மூச்சு என் காதில் சுட்டது. "தொற, தொற" என்று பல்லுக்கிடையில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மேசையில் துருவமேற்றும் கருவி இருந்தது. புதுப் பீங்கானுக்கு ஆறாயிரம் வோல்ட் கொடுத்து அதற்குத் திசை கற்பிக்கும் கருவி. தினமும் பயன்படுத்துவது, கண்ணை மூடிக்கொண்டும் எடுப்பேன். முனையைத் தோள் காயத்துக்குள் சொருகி விசையை அழுத்தினேன்.

விசையை விட்டிருக்கவேண்டும். விடவில்லை. அவர் துடித்து, பிடி விட்டு, ஏணிக்குழியில் விழுந்து, ஒவ்வொரு படியிலும் மோதிக் கீழே போனார். மயிர் கருகிய நாற்றம் இன்னும் போகவில்லை. கீழே போய்ப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. மூடினேன், மூடவில்லை.

என் கழுத்தில் ரத்தம். குரல் வரவில்லை. இனி யாரோடு பேசப்போகிறேன்?

பதிவு 40 — 14.30

திரையில் இன்னொரு துடிப்பு வந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. உன்னால்தானே இத்தனையும் என்று கத்தி, குரல் இல்லாமல் கத்தி, ஸ்பேனரை எடுத்துச் சுவரில் வீசினேன். உருண்டை மணி போல ஒலித்தது.

உடனே ஒரு துடிப்பு வந்தது.

நான் அசையாமல் நின்றேன். தற்செயலாக இருக்கலாம். சுவர் அதிர்ந்ததில் வில்லை துள்ளியிருக்கலாம். ஸ்பேனரை எடுத்து இரண்டு முறை தட்டினேன்.

இரண்டு வந்தது.

ஐந்து தட்டினேன். வேண்டாம் வேண்டாம் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டே தட்டினேன். ஐந்து வந்தது. பிறகு நிறுத்தாமல் பத்து, இருபது, எண்ண முடியாத அளவுக்கு. அழுகிறவன் தட்டுகிற தட்டு.

பதிவான கோடுகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெப்பமின் துடிப்பு ஒரே பக்கம் எழுந்து அடங்கும். தட்டினால் வருவது மேலும் கீழும் ஆடி அடங்கும். மதியத்திலிருந்து வந்த அத்தனையும் மேலும் கீழும் ஆடியிருக்கின்றன. முதல் துடிப்பு உட்பட. ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்திருந்தால் போதும், ஒரு பட்டன். எனக்குத் தெரிந்ததால் நான் பார்க்கவில்லை.

இரண்டரை மணி நேரமாக அவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்.

பதிவு 41 — 14.40

நடைக்கூட்டின் குளிர் மூன்றரை மணிக்குத் தீரும். ஐம்பது நிமிடம் இருக்கிறது.

கை எக்கியின் குழாய் அறுந்து கிடக்கிறது. அறுத்தவள் நான். எண்ணெய் முழுவதும் தரையில். தாழ்களின் பீங்கான் 372 டிகிரியில், திசை மறந்து, வெறும் ஓடாக இருக்கிறது. குளிரை நிறுத்தியவள் நான்.

வழி ஒன்றே ஒன்று. எல்லாக் குளிரையும் தாழ்களுக்குத் திருப்பவேண்டும். அவை 350-க்குக் கீழே இறங்கும்போது ஆறாயிரம் வோல்ட் கொடுத்தபடியே ஆறவைத்தால் திசை திரும்பும். பீங்கான் மறுபடி பிறக்கும். சோதனைச்சாலையில் அரை நாள் வேலை. வேகமாக ஆற்றினால் வெடிக்கும். தெரியும்.

மேல்தளத்துக்கு வரும் குளிரை முழுவதுமாக மூடினேன். நான் வெந்தால் வேகட்டும். கருவி வேலை செய்கிறது. முனையில் ஒட்டியிருந்த தோலைச் சுரண்டி எடுத்தேன். கேப்டனின் மேல் கால் வைத்துத்தான் தாழ் அருகே நிற்க முடிகிறது. வேறு இடமில்லை.

பதிவு 42 — 15.05

முதல் தாழ் நகர்ந்தது! டக் என்று கேட்டது. வெறும் காதிலேயே கேட்டது.

வெளியே அவருக்கும் கேட்டிருக்கிறது. தட்டுகிறார், வேகமாக, தாளம் போட்டு. காதுகுத்து வீட்டில் மேளம் கொட்டுவதுபோல் இருக்கிறது. நான் சிரித்தேன். உதடு வெடித்து ரத்தம் வந்தது. சிலுவை, வா. வந்து என்னைக் கொல். கதவைத் திறந்துவிடுகிறேன், பிறகு உன் இஷ்டம்.

கதவறை 68 டிகிரி. பேனா வழுக்குகிறது.

பதிவு 43 — 15.14

இரண்டாவதும் நகர்ந்தது. வெளியே தட்டு நின்றுவிட்டது. காத்திருக்கிறார். கதவு திறக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

முகில் கூப்பிடுகிறது. மீரான்: "டாக்டர், உள் வெப்பம் ஏன் இப்படி ஏறுது? என்ன பண்றீங்க? கேப்டன் எங்க? யாராவது பேசுங்க!"

பேசக் குரல் இல்லை.

பதிவு 44 — 15.22

மூன்றாவது வெடித்துவிட்டது. குறுக்காக, சுத்தமாக இரண்டு துண்டு. அவசரப்பட்டேன். எட்டு நிமிடத்தில் முப்பது டிகிரி இறக்கினேன். முதல் வருட மாணவனுக்குக்கூடத் தெரியும்.

நான்காவதைத் தொட்டேன். விரல் பட்டதும் உதிர்ந்தது.

மாற்று அடுக்கு இல்லை. இரண்டு தாழ் திறந்தாலும் கதவு அசையாது. இரண்டு தாழ் திறந்து மூடியே இருக்கும் கதவு, வெளியே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? விளையாடுகிறார்கள் என்று தெரியும்.

தட்டினேன். நகர்ந்த தாழின் இரும்பில் தட்டினேன். என்ன தட்டுவது? முடியவில்லை என்பதற்கு எத்தனை தட்டு? மன்னித்துவிடு என்பதற்கு எத்தனை? அவர்கள் வீட்டுப் பேச்சு எனக்குத் தெரியாது. தெரிந்தவர் என் காலடியில் கிடக்கிறார்.

ஒரு தட்டுத் தட்டினேன். பதில் வந்தது. இன்னொன்று. பதில் வந்தது. பிறகு அவர் மூன்று முறை மெதுவாகத் தட்டினார், ஒரு கேள்வி போல. நானும் மூன்று தட்டினேன். வேறென்ன செய்வது? அது என்ன கேள்வி என்று எனக்குத் தெரியாது. என்ன பதில் சொன்னேன் என்றும் தெரியாது.

அதன் பிறகு அமைதி.

பதிவு 45 — 15.31

புதுச் சத்தம். ஆறாம் காதின் திரை முழுக்க வெள்ளையாகிவிட்டது. தட்டு இல்லை. விடாத இரைச்சல்.

பாறைத் துளைப்பான்.

கூட்டின் குளிர் தீர்ந்திருக்கும், இன்னும் சில நிமிடம்தான் அவருக்கு. கதவில் வைத்திருக்கிறார். மூன்றாம் தாழ் இருக்கும் இடம். இயந்திரக்காரர், இடம் தெரியும். சுவர் துளைபட்டால் நாற்பத்தைந்து மடங்கு அழுத்தம் உள்ளே பாயும் என்பதும் அவருக்குத் தெரியும். கோபமா, இன்னும் நம்பிக்கையா, புத்தி கலங்கிவிட்டதா, எனக்குப் புரியவில்லை. நிறுத்தச் சொல்லித் தட்டினேன். கதவை விட்டு விலகி, மேல்தளத்துக்கு ஏறி, அங்கிருந்து தட்டினேன்.

துளைப்பான் நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இரும்புக் கால் சுவரில் ஏறும் சத்தம்.

பதிவு 46

நேரம் தெரியவில்லை கடிகாரம் சூட்டில் நின்று

இதைக் கண்டெடுப்பவருக்கு. சிலுவை கொரேரா குற்றவாளி இல்லை. கஸ்பார் மோத்தா குற்றவாளி இல்லை. அவர் தங்கையிடம் சொல்லுங்கள், அண்ணன் கடைசி வரை திறக்கச் சொன்னார். குழந்தையின் காதுகுத்துக்கு

என் தலைக்கு நேர் எதிரே துளைக்கிறார். சுவர் ஓரிடத்தில் சிவந்து உள்ளே புடைக்கிறது. நான் தட்டினால் அந்த இடத்துக்கே வருகிறார். தட்டாமல் இருக்கலாம். இருந்து பார்த்தேன். துளைப்பானை நிறுத்திவிட்டு ஒரு தட்டுத் தட்டினார்

ஒரே ஒரு தட்டு. காத்திருக்கிறார்

இந்த முறை பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை

தட்டிவிட்டேன்

வருகிறார். ஆறாம் காது செத்துவிட்டது. நன்றாகக் கேட்கிறது. இனிக் கேட்பதற்குப் பீங்கான் வேண்டா